உங்கள் தண்ணீர்ப்பந்தலும் என் அழைப்பும்

என் பிரியமான நைனாவுக்கு,

ஆண்டவருடைய வீட்டில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இங்கே அம்மா இருக்கிறாள். கண்தான் மங்கிக்கொண்டே போகிறது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறாள். நானும் சுகம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. எனக்கு அருவருப்பாக இருக்கிறது நைனா. ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான். சபையில் பாட்டு ஆரம்பித்தாலே வயிற்றைப் புரட்டுகிறது.

யார்மேல் என்று கேட்பீர்கள். சபைமேல், கமிட்டிமேல், கொஞ்ச நாள் என்மேல். உங்கள்மேலும்தான். செத்தவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று அம்மா கோபித்துக்கொள்கிறாள். உயிரோடு இருந்தபோது நீங்கள் பேசவிட்டீர்களா? உபதேசியார் வீட்டில் உபதேசம் ஒரு பக்கமாகத்தான் ஓடியது.

இந்தக் கடிதத்தைச் சபையாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு நீங்கள் சொல்லிவந்தது ஒன்றுதான். "லேயா, உனுக்குன்னு ஒரு அழைப்பு கீது. ஆண்டவர் உன்னை எதுக்கோ வெச்சிகீறாரு. காத்துகினு இரு." நானும் காத்துக்கொண்டிருந்தேன். ஜெபத்தில் காதைத் தீட்டிக்கொண்டு முழங்காலில் நிற்பேன். எனக்குக் கேட்டதெல்லாம் அரக்கோணத்துக்குப் போகும் ரயிலின் ஊதல்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, எந்த மரத்தடியில், எந்த வயலில் ஆண்டவர் தங்களைக் கூப்பிட்டார் என்று சாட்சி சொல்வார்கள். நம் சபைக் கமிட்டித் தலைவர் தேவசகாயம் வாத்தியார் கழனியில் மின்னல் விழுந்தபோது அழைப்பைப் பெற்றவர். வருஷத்துக்கு வருஷம் அந்த மின்னல் அவருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து விழும். நீங்கள் அப்போது மீசைக்குள் சிரித்தது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் முதல் ஆளாக ஆமென் சொன்னதும் நீங்கள்தான்.

நீங்கள் போன பிறகு எங்களுக்கு வீடு ஒரு கவலையாகிவிட்டது. அது மிஷன் வீடு. உபதேசியார் இல்லையென்றால் உபதேசியார் குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை? அப்போதுதான் வாத்தியார் ஒரு வழி சொன்னார். சபையில் வேதஸ்திரீ இடம் காலியாக இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற வேலை. எனக்குப் படிப்பு இருக்கிறது, குரல் இருக்கிறது, உங்கள் மகள் என்கிற பேர் இருக்கிறது. நான் அந்த வேலையில் சேர்ந்தால் வீடும் எங்களுக்கே. ஒன்றே ஒன்றுதான் குறை. வேலையில் அமர்த்துகிற ஞாயிறன்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று என் அழைப்பைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "ஆடிக் கிருத்திகை வருதில்ல, பந்தல்ல பாடு, ஆண்டவர் பேசுவாரு" என்றார் வாத்தியார்.

உங்கள் பந்தல். அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலைக்கு வருகிற ஜனத்தைக் கேட்கவா வேண்டும்? அந்தப் பக்கம் சித்தூர், புத்தூர் முதல் இந்தப் பக்கம் காஞ்சிபுரம் வரை பூக்காவடி எடுத்துக்கொண்டு நடந்தே வருவார்கள். மலையடிவாரத்துப் பாதையில் நீங்கள் தண்ணீர்ப்பந்தல் போட்டீர்கள். ஒரு மூலையில் ஆர்மோனியம், கீர்த்தனை, பிரசங்கம், கைப்பிரதி. இன்னொரு மூலையில் தாகத்துக்குத் தண்ணீர். நல்ல காரியம்தான். மிஷன் துரைமார்கூட வந்து பார்த்து மெச்சினார்கள்.

ஆனால் நம் கையால் கொடுத்தால் யார் குடிப்பார்கள்? நம் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினோம். ஊர்க்காரர்களுக்கு நாம் இன்னும் சேரிக்காரர்கள்தான். அதற்கு நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். ஊர்த்தெரு முனுசாமியைக் கூலிக்கு அமர்த்தி, நெற்றி நிறைய விபூதியோடு பானைகளுக்கு முன்னால் நிற்க வைத்தீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு ஓலைத் தட்டி. தட்டிக்குப் பின்னால் நாங்கள். விடிவதற்கு முன்பே கிணற்றில் இறைத்துச் சுமந்து வந்து பானைகளை நிரப்புவது நம் சபைப் பெண்கள். ஜனம் வர ஆரம்பித்ததும் நாங்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். பானை காலியானால் தட்டியின் அடியில் நிறைபானையைத் தள்ளிவிட வேண்டும். கை வெளியே தெரியக்கூடாது. முனுசாமி ஊற்றுவார், ஜனம் குடிக்கும், அவர் இறைத்த தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு போகும். தண்ணீர் குடித்தவர்களிடம் நீங்கள் போய், ஆண்டவருக்கு முன்னால் எல்லா மனுஷரும் ஒன்று என்று பிரசங்கம் செய்வீர்கள்.

எத்தனை வருஷம் அந்தத் தட்டிக்குப் பின்னால் நின்றிருப்பேன்! ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தால் குமட்டுகிறது. நம்பிக் குடித்தவர்களையும் ஏமாற்றினோம், நம்மை நாமே கேவலப்படுத்திக்கொண்டோம், இரண்டுக்கும் சேர்த்து ஸ்தோத்திரப் பாட்டு வேறு.

இந்த வருஷம் பந்தலுக்கு உங்கள் பேரை வைத்தார்கள். வாசலில் துணியில் எழுதிக் கட்டினார்கள். என்னைத் தட்டிக்குப் பின்னாலிருந்து ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மாற்றினார்கள், வேதஸ்திரீ ஆகப்போகிறவள் அல்லவா. வெயில் ஆடி மாத வெயிலாக இல்லை, சித்திரையைப் போலக் கொளுத்தியது. காலையெல்லாம் சரியாகத்தான் நடந்தது. உச்சிப்பொழுதில் முனுசாமி செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தன் பெண் பிழைத்ததற்காக இந்த வருஷம் காவடி எடுப்பதாக அவர் வேண்டுதல் வைத்திருந்தாராம். வாத்தியாரிடம் முன்னமே சொல்லியிருக்கிறார். தன் மைத்துனனை அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். மைத்துனன் வரவில்லை.

பானைகள் விளிம்பு வரை நிரம்பி நிற்கின்றன. ஊற்ற ஒரு கை இல்லை. சுற்றிலும் நம் சபையார் ஆளுக்கு இரண்டு கை வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். பந்தலுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜனம் நெருக்குகிறது. வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு கீர்த்தனை பாடச் சொன்னார். பாடினேன் நைனா. அது முடிந்ததும் மற்றொன்று. அதையும் பாடினேன்.

அப்போது மஞ்சள் புடவை கட்டின ஒரு அம்மாள் கயிற்றண்டை வந்து தண்ணீர் கேட்டாள். உங்கள் வயதை ஒட்டியிருப்பாள். தோளில் காவடித் தழும்பு, உதடு வெடித்திருந்தது. "கொஞ்சம் இருங்கம்மா, ஆள் வந்துகினு கீறாரு" என்றார் வாத்தியார். அவள் சரி என்று நின்றாள். சற்று நேரத்தில் கயிற்றைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்தாள், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். அவள் புருஷன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

நான் பாட்டைப் பாதியில் விட்டேன். செம்பை எடுத்ததும் வாத்தியார் என் முழங்கையைப் பிடித்தார். காதோடு காதாகச் சொன்னார்: "நீ தொட்டா அப்பால ஒருத்தனும் குடிக்கமாட்டான். பந்தலே பூடும். உங்க நைனா பேரைக் கெடுக்காத." அவர் கையை உதறினேன். உதறியது துணிச்சலால் இல்லை. அவர் விரல் என்மேல் பட்டது எனக்குச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். இதை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு இதையே அவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்.

செம்போடு பக்கத்தில் போய்க் குனிந்தேன். புருஷன் என் வெறும் நெற்றியைப் பார்த்தான். "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டான். சொன்னேன். எங்கள் தெருவையும் சொன்னேன், இந்தப் பானைகளை எப்போதும் நாங்கள்தான் நிரப்புகிறோம், முனுசாமி ஊற்றுவது மட்டும்தான் என்பதையும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஏமாற்றி ஒரு மிடறு தண்ணீரை அவள் தொண்டையில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. குடிக்காமல் செத்துப்போனால் என்ன செய்திருப்பேன்? அதையும் அப்போது யோசிக்கவில்லை.

புருஷன் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் கண்ணைத் திறந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். ஊற்றினேன். குடித்தாள். இன்னும் என்பது போலக் கையை ஆட்டினாள். இன்னொரு செம்பும் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இம்மாம் நேரம் இன்னாத்துக்குப் பாடிகினு நின்ன?" என்றாள். "கை இல்லியா உனக்கு?"

அவள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, புருஷன் முணுமுணுப்பதைக் காதில் வாங்காமல், காவடியைத் தோளில் ஏற்றி அரோகரா என்று சொல்லிக்கொண்டு படியேறப் போய்விட்டாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

மற்ற ஜனம் அவளைப் போல இல்லை. பானைச் சங்கதி காதுக்குக் காது போயிற்று. காலையில் குடித்த ஒருவன் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் பந்தல் வெறிச்சோடிவிட்டது. சாயங்காலம் வரை பானைகள் அப்படியே நின்றன. வாத்தியார் சொன்னபடியேதான் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முனுசாமியை அவர் தெருவில் பஞ்சாயத்துக் கூட்டிக் கேள்வி கேட்டார்களாம். இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்கிறார். அவருக்கு நான் செய்தது நியாயமா?

கமிட்டி என்னைக் கூப்பிட்டுத் திட்டியது. உங்கள் ஆயுசு முழுக்கக் கட்டியதை ஒரு பகலில் இடித்துவிட்டேன் என்றார்கள். அன்று வந்த அருவருப்பைக்கூட நான் விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்கமுடியவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து மிஷன் துரைசானி அம்மாள் சபையைப் பார்க்க வந்தார். யாரோ அவரிடம் பந்தல் சங்கதியைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கண் கலங்கி, ஒரு கிறிஸ்தவப் பெண் சாதிப் பயத்தை விட்டு ஆண்டவர் பேரால் தண்ணீர் கொடுத்தாளே என்று மெச்சினார். அந்த நிமிஷமே வாத்தியாரின் முகம் மாறியது. மறுநாள் நம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பாத்தியா, இதான் உன் அழைப்பு" என்றார். ஞாயிறன்று துரைசானிக்கு முன்னால் நான் சொல்ல வேண்டிய சாட்சியை அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு சத்தம் கேட்டதாம். சபையார் எல்லோரும் என்னை உற்சாகப்படுத்தி அனுப்பினார்களாம். அந்த அம்மாள் குடித்ததும் அழுதுகொண்டே, இந்தத் தண்ணீரைக் கொடுத்த தெய்வம் எது என்று கேட்டாளாம். காவடியை அங்கேயே வைத்துவிட்டாளாம்.

முனுசாமியைப் பற்றியும் தட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை வரக்கூடாது. அடுத்த வருஷம் ஊற்றுவதற்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது, ஆர்.கே.பேட்டைக்காரனாம், இந்த ஊரில் யாருக்கும் அவனைத் தெரியாதாம். நைனா, மலைக்கோயில் கதவை எல்லா ஜனத்துக்கும் திறக்க வேண்டும் என்று சர்க்காரே சட்டம் போட்டிருக்கிற காலம் இது. மேலே படியேறிப் போக நம் சேரி ஜனத்துக்கு வழி உண்டு. கீழே நம்முடைய சொந்தப் பந்தலில் நம் கைக்கு வழி இல்லை.

அம்மா அன்று சுவரைத் தடவிக்கொண்டே சமையலுக்குப் போனாள். இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கண் இல்லாமலே அவளுக்குத் தெரியும். வேறு வீட்டில் என்ன செய்வாள் என்று எனக்கு ஒரே பயம். பொய்யைச் சொன்னால் வீடு நிற்கும். இரண்டு நிமிஷப் பொய், அதுவும் எல்லோருக்கும் சந்தோஷம் தருகிற பொய். நான் சொல்லிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை வரை இருந்தேன்.

ஞாயிறன்று எழுந்து நின்றேன். துரைசானி முதல் பெஞ்சியில் புன்னகையோடு இருந்தார். வாத்தியார் தலையை ஆட்டினார். வாயைத் திறந்ததும் அவர் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் நாக்கில் வந்தது, கூடவே குமட்டலும் வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்: "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. முருகனுக்குக் காவடி எடுத்துகினு வந்த ஒரு அம்மா, கை இல்லியான்னு என்னைத் திட்டுனாங்க. எனக்கு வந்த அழைப்பு அதான். அவங்க குடிச்சிட்டு மலைக்குத்தான் போனாங்க." பிறகு தட்டியைப் பற்றியும் முனுசாமியைப் பற்றியும் சொன்னேன். துரைசானிக்கு அதுவரை தட்டியைப் பற்றித் தெரியாது போலிருக்கிறது. அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். வாத்தியார் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை.

வேதஸ்திரீ வேலை சோளிங்கரத்துப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் கே.ஜி.கண்டிகையில் ரோட்டோரமாக ஒரு அறைக்கு வந்துவிட்டோம். நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அம்மா முதலில் இரண்டு தடவை விழுந்தாள். இப்போது பழகிவிட்டது என்று சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாளோ என்னவோ.

இங்கே வந்த பிறகுதான் ஒரு நாள் அம்மாவிடம் உங்களைப் பற்றிக் கத்தினேன். வாத்தியார் கோழை சரி, நைனா எப்படி அந்தத் தட்டியைக் கட்டினார் என்று கேட்டேன். அம்மா நான் பிறப்பதற்கு முந்தின சங்கதி ஒன்றைச் சொன்னாள். முதல் வருஷப் பந்தலில் தட்டி இல்லையாம். முனுசாமியும் இல்லையாம். நீங்களே செம்பை எடுத்து ஊற்றினீர்களாம். ஒருவன் வாய் நிறையத் தண்ணீரை வைத்திருந்தபோது பக்கத்தில் நின்றவன் நீங்கள் யார் என்று சொல்லியிருக்கிறான். அவன் அந்தத் தண்ணீரை உங்கள் முகத்தில் துப்பிவிட்டான். "வூட்டுக்கு வந்து மூஞ்சை கழுவிகினே இருந்தாருடி," என்றாள் அம்மா. "போதும்னு நான்தான் செம்பைப் புடுங்கனேன்."

அதைக் கேட்டு நான் அழுதேன். அந்த ஆளை நினைத்து இப்போதும் எரிகிறது. ஆனால் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உங்கள் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் கைகளை மறைத்தீர்கள் நைனா. எனக்கு ஒரு அழைப்பு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, அது வந்து நிற்கக்கூடிய இடத்திலேயே தட்டியைக் கட்டினீர்கள். அன்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு ஊற்றியிருக்கக்கூடாதா? நானாக இருந்தால் ஊற்றியிருப்பேனா?

அதற்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் மாதக் கிருத்திகைக்கு வாசலில் ஒரு பானை வைக்கிறேன். இந்த ரோட்டில்தான் மலைக்கு நடக்கிறார்கள். பாட்டில்லை, பிரசங்கம் இல்லை. குடிக்க வருகிறவர்களிடம் நாங்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் போய்விடுகிறார்கள். சிலர் திட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் கை நீட்டுகிறார்கள். இதுவரைக்கும் துப்பவில்லை.

இதைத்தான் ஆண்டவர் எனக்கு வைத்திருந்தாரா? இவ்வளவு சின்ன வேலையா? இதற்கா இத்தனை வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்? சில நாள் அப்படித் தோன்றுகிறது. ஆனால் செம்பைப் பிடித்திருக்கும்போது மட்டும் எனக்குக் குமட்டுவதில்லை.

வருகிற ஆடிக் கிருத்திகைக்கு உங்கள் பேர் எழுதின பந்தலில் ஆர்.கே.பேட்டை ஆள் நிற்பான். அதற்கு எதிர்ப்பக்கம், பாதையில், நான் என் பானையோடு நிற்பேன். யார் நீ என்று கேட்கிறவர்களிடம் திருத்தணி உபதேசியார் மகள் என்று உங்கள் பேரைச் சொல்லித்தான் ஊற்றுவேன். ஒருவன் என் முகத்தில் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு ஊற்றுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அப்போது நீங்கள் அங்கிருந்து பார்க்க வேண்டும் நைனா. முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

கோபம் தீராத, ஆனாலும் உங்களுடைய மகள்,
லேயாள்